ஐந்து மணி மாத்திரை

மாலை ஐந்து மணி. மறதிநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்கிற யாரைக் கேட்டாலும் இந்த நேரத்தைப் பற்றிச் சொல்வார்கள். பகல் முழுக்க அமைதியாக உட்கார்ந்திருந்தவர், வெயில் சாய்ந்ததும் எழுந்து நடக்கத் தொடங்குவார். கதவுப் பிடியை ஆட்டிப் பார்ப்பார். "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவா" என்பார். எண்பத்தைந்து வயதில் அம்மாவைத் தேடுவார். தடுத்தால் கத்துவார். கையைப் பிடித்து இழுத்தால் அடிக்கவும் செய்வார்.

என் பாட்டிக்கும் இந்த அந்தி வந்தது. அறுபது வருடம் குடித்தனம் நடத்திய வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, இது யார் வீடு என்று கேட்பாள். மஞ்சப்பையில் ஒரு புடவையையும் விபூதி டப்பாவையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். என் அம்மா ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசமாட்டாள். "வாங்க அத்தை, போலாம்" என்று பையை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையார் கோயில் வரை நடத்திக் கூட்டிப்போவாள். திரும்பி அதே வாசலுக்கு வந்து, "வீடு வந்தாச்சு அத்தை, காலைக் கழுவிக்கோங்க" என்பாள். பாட்டி அப்பாடா என்று உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். இருபது நிமிடம் ஆகும். தினமும் ஆகும்.

அதே ஐந்து மணிக்கு அமெரிக்காவில் வேறொரு வழி விற்பனைக்கு வந்தது. 'ஐந்து மணிக்கு ஐந்து.' மாலை 5 மணிக்கு 5 மில்லிகிராம் ஸைப்ரெக்ஸா கொடுங்கள், இரவெல்லாம் தூங்குவார்கள் என்று அர்த்தம். முதியோர் இல்லங்களைச் சுற்றி வந்த எலி லில்லி நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வாசகம் இது என்று அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது. ஸைப்ரெக்ஸா என்பது ஓலன்ஸபின். மனச்சிதைவு நோய்க்கும் இருமுனை மனநோய்க்கும் அனுமதிக்கப்பட்ட மருந்து. மறதிநோய்க்கு அந்த அனுமதி கிடையாது. 2009 ஜனவரியில், அனுமதியில்லாத பயன்பாட்டுக்கு மருந்தை விளம்பரம் செய்ததாக லில்லி குற்றத்தை ஒப்புக்கொண்டது. குற்ற அபராதமும் சிவில் வழக்குத் தொகையும் சேர்த்து 141.5 கோடி டாலர் கட்டியது.

இந்தக் கதையில் மாட்டியது லில்லி மட்டும் இல்லை. 2010-ல் செரோக்வெல் (க்வெடியாபின்) மருந்துக்காக அஸ்ட்ராஸெனெகா 52 கோடி டாலர் கட்டியது. 2013 நவம்பரில் ரிஸ்பெர்டால் (ரிஸ்பெரிடோன்) உள்ளிட்ட மருந்துகளுக்காக ஜான்சன் அண்ட் ஜான்சன் 220 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. முதியோர் இல்லங்களுக்கு மருந்து சப்ளை செய்த மிகப் பெரிய நிறுவனமான ஆம்னிகேருக்குக் கமிஷன் கொடுத்தார்கள் என்பதும் அதில் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று.

அபராதம் கட்டியாகிவிட்டது. ஆனால் ஐந்து மணி மாத்திரை நிற்கவில்லை. இருபது நிமிடம் நடத்திக் கூட்டிப்போக ஆள் இல்லாத இடத்தில், அந்த மாத்திரைக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை

நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் பத்து இருபது படுக்கை கொண்ட தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அது முதியவர்கள் கடைசிவரை தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம். பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறதிநோய், அதாவது டிமென்ஷியா.

ரிஸ்பெரிடோன், ஓலன்ஸபின், க்வெடியாபின், ஹாலோபெரிடால். இவை ஆன்டிசைக்காடிக் மருந்துகள். மனச்சிதைவு உள்ளவருக்கு இவை வாழ்க்கையையே மீட்டுக் கொடுக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். மறதிநோய் முற்றிய முதியவரின் உடம்பில் இவை செய்கிற வேலை வேறு. மூளையின் டோபமைன் தடுக்கப்படுவதால் கைகால் விறைக்கிறது, நடை தளர்கிறது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. விழுங்குவது சிரமமாகி, சோற்றுப் பருக்கையும் தண்ணீரும் மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வருகிறது. லூயி பாடி வகை மறதிநோய் உள்ளவருக்கு ஒரு வேளை மருந்துகூட ஆபத்தாக முடியலாம். உடம்பு கட்டையாக விறைத்து, உயிருக்கே கேடாகலாம்.

2005 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மறதிநோய் உள்ள முதியவர்களிடம் நடந்த 17 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தது. சுமார் பத்து வாரத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 4.5 சதவீதம். பெரும்பாலும் இதயச் செயலிழப்பு போன்ற இதயக் கோளாறுகள், இல்லாவிட்டால் நிமோனியா போன்ற தொற்றுகள். மருந்தின் குறிப்புத் தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட உத்தரவு வந்தது. 2008-ல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே கட்டம் போடப்பட்டது.

கறுப்புக் கட்டம் தடை ஆகாது. டாக்டர் எழுதலாம். எழுதினார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் 2007 முதல் ஆறு மாத பில்களை அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் எடுத்துப் பார்த்தது. இல்லங்களில் இருந்த முதியவர்களில் 14 சதவீதம் பேருக்குப் புதிய வகை ஆன்டிசைக்காடிக் மருந்துகள் போயிருந்தன. அந்த பில்களில் 88 சதவீதம், எச்சரிக்கையில் யாருக்கு ஆபத்து என்று எழுதியிருந்ததோ அந்த மறதிநோயாளிகளுக்கானவை.

பிரிட்டனிலிருந்து வந்த கணக்கு இதைவிடப் பச்சையாக இருந்தது. அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்க 2009 நவம்பரில் பேராசிரியர் சுபே பானர்ஜி அறிக்கை கொடுத்தார். நாட்டில் மறதிநோய் உள்ள 1,80,000 பேர் இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறார்கள், அதில் கொஞ்சமாவது பலன் அடைபவர்கள் அதிகபட்சம் 36,000 பேர், மருந்தால் கூடுதலாக ஆண்டுக்கு 1,800 பேர் இறக்கிறார்கள், இன்னொரு 1,620 பேருக்குப் பக்கவாதம் போன்ற மூளை ரத்தநாளப் பாதிப்பு வருகிறது என்றது அந்த அறிக்கை. மூன்று வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துவிட முடியும் என்றும் சொன்னது. அரசு கணக்கெடுப்பு வைத்தது, டாக்டர்கள் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார்கள். 2008-க்கும் 2011-க்கும் இடையில் இங்கிலாந்தில் மறதிநோய் உள்ளவர்களுக்கு எழுதப்படுவது 52 சதவீதம் குறைந்தது.

2009-ல் க்ளைவ் பல்லார்டு குழு வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இந்த மாற்றத்துக்குத் துணை நின்றது. இல்லங்களில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த 165 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மறு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, மருந்தைத் தொடர்ந்தவர்களில் உயிரோடு இருந்தவர்கள் 46 சதவீதம். நிறுத்தியவர்களில் 71 சதவீதம்.

2024-ல் வந்த மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு இங்கிலாந்தின் 1,73,910 மறதிநோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தது. மருந்து எடுப்பவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். சிறுநீரகப் பாதிப்பு, ரத்தக்கட்டு, பக்கவாதம், எலும்பு முறிவு எல்லாமே கூடுதல். மருந்து ஆரம்பித்த முதல் நாட்களில்தான் ஆபத்து மிக அதிகம். 'நாலு நாள் கொடுத்துப் பார்ப்போமே' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கயிறு போய் மாத்திரை

நடுவில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1980-களில் அமெரிக்க இல்லங்களில் முதியவர்களை நாற்காலியோடும் கட்டிலோடும் கட்டிவைப்பது சாதாரணம். இடுப்பில் பட்டை, மணிக்கட்டில் துணிக்கயிறு. விழுந்துவிடக் கூடாது என்பதற்காக என்று காரணம் சொன்னார்கள். 1987-ல் அமெரிக்க நாடாளுமன்றம் முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. தண்டிப்பதற்காகவோ ஊழியர் வசதிக்காகவோ யாரையும் கட்டிப்போடக் கூடாது, அதே காரணத்துக்காக மருந்தாலும் கட்டிப்போடக் கூடாது என்று அந்தச் சட்டம் தெளிவாகவே சொன்னது. கயிறு கண்ணுக்குத் தெரியும், சோதனைக்கு வருபவர் பார்த்தவுடன் கேட்பார். மாத்திரை மருந்துத் தட்டில் மற்ற எட்டு மாத்திரைகளோடு ஒன்பதாவதாகக் கிடக்கும். காலப்போக்கில் கயிறு வெகுவாக ஒழிந்தது, ஒன்பதாவது மாத்திரை தங்கிவிட்டது.

ஏன் கத்துகிறார்?

ஒரு முதியவரைக் குளிப்பாட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது வயதுப் பெண்மணி. தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. காலையில் தெரியாத ஒருத்தி வந்து போர்வையை உருவுகிறாள், உடையைக் கழற்றுகிறாள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, குளிர்ந்த டைல்ஸ் அறைக்குத் தள்ளிப்போகிறாள். தலைக்கு மேலிருந்து தண்ணீர் முகத்தில் அடிக்கிறது. மூட்டுவலியால் தூக்க முடியாத கையை அந்தப் பெண் தூக்குகிறாள். இந்த அம்மாள் கத்துகிறார், கிள்ளுகிறார், கடிக்கிறார். பதிவேட்டில் 'குளியலின்போது ஆக்ரோஷம்' என்று எழுதப்படுகிறது. அடுத்த வாரம் டாக்டர் வரும்போது அந்த ஒற்றை வரியைப் பார்த்து மருந்து எழுதுகிறார்.

அந்த அம்மாளின் இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் என்ன செய்வோம்? அதையேதான் செய்வோம்.

அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்லோன் என்ற டாக்டரும் ஜோஆன் ரேடர் என்ற நர்ஸும் இன்னும் சிலரும் சேர்ந்து 15 இல்லங்களில் இந்தக் குளியலை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். 2004-ல் முடிவு வெளிவந்தது. வெந்நீரில் நனைத்த பெரிய துவாலைகளால் படுக்கையிலேயே உடம்பை மூடி, துவாலைக்கு மேலாகவே தேய்த்துவிடுவது ஒரு முறை. இன்னொன்று ஷவர்தான், ஆனால் அவருக்குப் பிடித்தபடி: அறையைச் சூடாக்கி, உடம்பைத் துணியால் மூடி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே. ஷவரில் ஆக்ரோஷம் 53 சதவீதமும் துவாலைக் குளியலில் 60 சதவீதமும் குறைந்தது. துவாலைக் குளியலுக்குக் கூடுதல் நேரம் என்று சொல்லும்படி ஒன்றும் ஆகவில்லை.

குளியலுக்கு அடுத்தது வலி. மறதிநோய் முற்றியவருக்கு 'முழங்கால் வலிக்குது' என்று சொல்ல வார்த்தை வராது. முனகுவார், எழுந்து எழுந்து உட்காருவார், தொட்டால் தட்டிவிடுவார். பல்லில் சீழ், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சரியாகப் பொருந்தாத செருப்பு, காதில் அடைந்த குறும்பி, எதுவாகவும் இருக்கலாம். நார்வேயின் பெர்கனைச் சேர்ந்த பெட்டினா ஹுஸெபோ, மேற்கு நார்வேயின் 18 இல்லங்களில், மறதிநோயும் அமைதியற்ற நடத்தையும் உள்ள 352 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார். பாதிப் பேருக்கு எட்டு வாரம் படிப்படியாக வலிமருந்து. பெரும்பாலோருக்கு முதல் படியே போதுமானதாக இருந்தது. அது என்ன மருந்து? பாராசிட்டமால். நம் வீட்டு அலமாரியில் கிடக்கிற அதே பாராசிட்டமால். எட்டு வாரத்தில் அவர்களுடைய அமைதியின்மை 17 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி கூடியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முழங்கால் வலிக்கு மனநோய் மருந்து வாங்கி, விறைத்துப் போய், பேச்சடங்கி, அடங்கிவிட்டார் என்று பெயரெடுத்துப் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பசி, குளிர், பயம், தனிமை, சலிப்பு. ஜிஸ்கா கோஹன்-மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் 1980-களிலேயே இல்லங்களில் முதியவர்களின் இத்தகைய நடத்தைகளை 29 வகையாகப் பட்டியலிட்டார். திரும்பத் திரும்ப ஒரே கேள்வி கேட்பது, பொருளை ஒளித்துவைப்பது, துப்புவது, அலறுவது. அவற்றில் பெரும்பகுதி, கிடைக்காமல் போன ஏதோ ஒரு தேவையின் வெளிப்பாடு என்பது அவருடைய வாதம். கைக்குழந்தை அழுதால் நாம் பாலா, ஈரத்துணியா, எறும்பா என்று தேடுகிறோம். பெரியவர் அழுதால் தேடுவதில்லை.

தேடிப் பார்த்த இடங்கள் இருக்கின்றன. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் பீயாட்டிட்யூட்ஸ் என்றொரு முதியோர் வளாகம். மறதிநோய் பிரிவில் டீனா அலோன்ஸோவும் அவருடைய சகாக்களும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டார்கள்: இவருக்கு எது சுகம்? தூக்கம் கலையும்போது எழுந்தால் போதும். குளியல் எப்போது தோன்றுகிறதோ அப்போது. நடு ராத்திரியில் பசித்தால் நடு ராத்திரியில் சாப்பாடு. சர்க்கரை, கொழுப்பு என்று கட்டுப்பாடு பேசாமல் சாக்லெட் கேட்டால் சாக்லெட். பொம்மையைக் குழந்தையாக நினைத்து மடியில் வைத்துக்கொள்கிறவரிடம் அதைப் பிடுங்குவதில்லை. லிஃப்ட்டுக்கு முன்னால் கறுப்புக் கம்பளம் ஒன்று விரித்தார்கள். மறதிநோயில் பார்வைக் குழப்பம் வருவதால் கறுப்புத் தரை பலருக்குப் பள்ளமாகத் தெரியும், அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஒரு கம்பளம் செய்கிற வேலைக்குப் பூட்டும் ஊசியும் தேவைப்படவில்லை. அங்கே ஆன்டிசைக்காடிக் மருந்து ஏறக்குறைய இல்லாமலே போனது.

(அந்தக் கம்பளத்தைப் பற்றி எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பள்ளம் என்று பயந்து ஒருவர் நிற்பதும் ஒரு வகைக் கட்டுதான். ஆனாலும் விழுந்து எலும்பு முறிய வைக்கும் மருந்துக்கு அது எவ்வளவோ மேல்.)

நிறுத்துவது எப்படி, எப்போது கூடாது

இவ்வளவும் கேட்ட பிறகு, நாளைக் காலையிலேயே மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று தோன்றும். செய்யக் கூடாது. இந்த மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை, குமட்டல், பதற்றம் எல்லாம் வரும். அதைப் பார்த்து, பார்த்தாயா மருந்து இல்லாமல் முடியாது என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். டாக்டரின் மேற்பார்வையில், சில வாரங்களுக்கு ஒருமுறை அளவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வருவதுதான் வழக்கமான முறை.

ஆஸ்திரேலியாவில் ஹென்றி பிரோடாட்டி தலைமையிலான குழு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 23 இல்லங்களில் இதைச் செய்து காட்டியது. முதலில் நர்ஸ்களுக்குப் பயிற்சி, பிறகு படிப்படியான குறைப்பு. பெரும்பாலோர் ஒரு வருடம் கழித்தும் மருந்தில்லாமலே இருந்தார்கள். அவர்களுடைய நடத்தை மொத்தத்தில் மோசமாகவில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நம்பி ஒவ்வொரு நிமிடமும் நடுங்குகிற முதியவர் உண்டு. தன்னையோ பக்கத்துக் கட்டில்காரரையோ காயப்படுத்திவிடும் நிலையில் உள்ளவர் உண்டு. அவர்களில் சிலருக்கு இந்த மருந்து உண்மையான நிம்மதி தருகிறது. 2012-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ரிஸ்பெரிடோன் எடுத்துக் குணம் தெரிந்தவர்களிடம் அதை நிறுத்தியபோது பலருக்குப் பழைய தொல்லை திரும்பி வந்தது. குறைந்த அளவு, குறுகிய காலம், மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை. இந்த எல்லைக்குள் மருந்துக்கு இடம் உண்டு. 2023 மே மாதம் எஃப்.டி.ஏ., அல்ஸைமர் நோயில் வரும் அமைதியின்மைக்கென்றே பிரெக்ஸ்பிப்ரஸோல் என்ற மருந்துக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தது. அதன் குறிப்புத் தாளிலும் அதே கறுப்புக் கட்டம் இருக்கிறது.

பல்லார்டு குழுவின் இன்னொரு ஆய்வு இருக்கிறது. இந்தப் பிரச்சினையில் எதையாவது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். பிரிட்டனில் 16 இல்லங்கள், 277 பேர். சில இடங்களில் மருந்துச் சீட்டை மட்டும் மறுபரிசீலனை செய்தார்கள். மருந்து பாதியாகக் குறைந்தது. ஆனால் கூடவே வேறொன்றும் செய்யாத இடங்களில் முதியவர்களின் தொல்லைகள் அதிகமாயின. வேறு சில இடங்களில் சீட்டைத் திருத்தியதோடு, அவர்களோடு உட்கார்ந்து பேசுவது, அவர்களுக்குப் பிடித்த வேலை ஒன்றைச் சேர்ந்து செய்வது என்று மனிதத் துணையையும் சேர்த்தார்கள். அங்கே இறப்பே கணிசமாகக் குறைந்தது. 2018-ல் 69 இல்லங்களில் இதை விரித்துச் செய்தபோது வாரத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சுத்துணைதான் இலக்கு. வாரத்துக்கு ஒரு மணி நேரம்! அதற்கே முதியவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது.

கணக்குக்கு வந்த மனச்சிதைவு

அமெரிக்க அரசு 2012 மார்ச்சில் ஒரு தேசிய இயக்கம் தொடங்கியது. நீண்டகாலம் தங்கியிருப்பவர்களில் 23.9 சதவீதம் பேர் அப்போது இந்த மருந்துகளில் இருந்தார்கள். ஒவ்வொரு இல்லத்தின் எண்ணும் இணையத்தில் வெளியிடப்பட்டது. இல்லங்களுக்குத் தரப்படும் நட்சத்திர மதிப்பெண்ணிலும் அது சேர்ந்தது. இரண்டு வருடத்தில் 20.2 ஆனது, பின்னர் 15-க்கும் கீழே இறங்கியது. வெற்றி என்றுதான் எல்லோரும் எழுதினார்கள்.

ஒரு சின்ன வாசல் திறந்தே இருந்தது. மனச்சிதைவு, ஹண்டிங்டன் நோய், டூரெட் நோய் உள்ளவர்களுக்கு மருந்து கொடுத்தால் கணக்கில் சேராது. நியாயமான விதிதான், அவர்களுக்கு அந்த மருந்து தேவை. ஆனால் 2012-க்குப் பிறகு அமெரிக்க இல்லங்களில் மனச்சிதைவு நோயாளிகள் பெருகத் தொடங்கினார்கள். 2021 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதை அம்பலப்படுத்தியது. அந்த நோய்க் குறிப்பு 70 சதவீதம் அதிகரித்திருந்தது. ஒன்பது பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு என்று பதிவேடு சொன்னது. வெளியே பொதுமக்களில் ஏறக்குறைய 150 பேரில் ஒருவருக்குத்தான் அந்த நோய் உண்டு, அதுவும் பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் தெரிந்துவிடும். எண்பது வயதில் புதிதாக வருவது மிக அபூர்வம். மறைக்கப்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது 21 சதவீதம் பேர் மருந்தில் இருந்தார்கள்.

வாழ்நாள் முழுக்கத் தெளிவாக வாழ்ந்த ஒருவரின் கடைசிக் காலப் பதிவேட்டில், நட்சத்திரத்துக்காக ஒரு மனநோயை எழுதிச் சேர்ப்பது சாதாரணப் பிழை கிடையாது. அது மோசடி. 2023 ஜனவரியில் அரசு இந்தக் குறிப்புகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியது. பொய் என்று தெரிந்தால் நட்சத்திரம் குறைக்கப்படும்.

எண்ணைக் குறைக்கச் சொன்னார்கள், எண் குறைந்தது. ஆள் கொடுக்கச் சொன்னபோது? 2024 ஏப்ரலில் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு முதியவருக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 3.48 மணி நேரம் நர்ஸ், உதவியாளர்களின் கவனிப்பு கிடைக்க வேண்டும். இல்லங்களின் முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரலில் டெக்ஸாஸ் மத்திய நீதிமன்றம் முக்கிய விதிகளை ரத்து செய்தது. அந்த ஜூலையில் வந்த வரிச் சட்டம் 2034 வரை அதை அமல்படுத்தவும் தடை போட்டுவிட்டது. மாத்திரையைக் குறைக்கும் இயக்கத்துக்கு விழுந்த மிகப் பெரிய அடி இதுதான் என்பது என் எண்ணம். இரவு ஷிஃப்டில் முப்பது பேருக்கு ஒற்றை உதவியாளராக நிற்கும் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களில் பலர் குடியேறி வந்த ஏழைப் பெண்கள். ஒருவரை நடத்திக் கூட்டிப்போனால் இருபத்தொன்பது பேர் கவனிப்பாரின்றிக் கிடப்பார்கள்.

ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையாக நடந்துகொண்டது. முதியோர் பராமரிப்பை விசாரித்த ராயல் கமிஷன் 2019 அக்டோபரில் வெளியிட்ட இடைக்கால அறிக்கைக்கு 'புறக்கணிப்பு' என்ற ஒற்றைச் சொல்லையே தலைப்பாக வைத்தது. உடனே சரிசெய்ய வேண்டியவை என்று அது சுட்டிய மூன்றில் ஒன்று, மருந்தால் கட்டிப்போடும் பழக்கம். 2020 ஜனவரி முதல், மானிய விலையில் ரிஸ்பெரிடோனை 12 வாரத்துக்கு மேல் தொடர டாக்டர் தனி அனுமதி வாங்க வேண்டும். 2021 ஜூலை முதல் கட்டுப்படுத்தும் நோக்கில் மருந்து கொடுக்க, முதியவரின் அல்லது அவருக்காக முடிவெடுக்க உரிமையுள்ளவரின் சம்மதம் கட்டாயமானது.

உங்கள் அப்பா எந்த மாத்திரை சாப்பிடுகிறார்?

சிட்னியிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் இந்த இல்லங்களில் தமிழ்ப் பெற்றோர்கள் இருக்கிறார்கள். மறதிநோயில் பலருக்கு, பிற்பாடு கற்ற மொழி தாய்மொழிக்கு முன்பே நழுவிவிடுகிறது. ஐம்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்கூடக் கடைசியில் தமிழ் மட்டும் பேசலாம். தண்ணி வேணும் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த நர்ஸுக்கு வெறும் கூச்சல்.

இந்தியாவிலும் இந்தப் பிரச்சினை தொடங்கிவிட்டது. அறுபது வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்கள். என் அம்மா அந்த இருபது நிமிடத்துக்காகத் தன் சாயங்காலங்கள் அனைத்தையும் கொடுத்தாள், அவளுக்கு ஒரு நாள் ஓய்வு தர நாங்கள் யாரும் முன்வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியாகச் சுமக்கும் கை ஓய்ந்துபோகும்போதுதான் வீட்டிலும் அந்த மாத்திரை நுழைகிறது.

உங்கள் அம்மாவோ அப்பாவோ ஓர் இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை போகும்போது பழத்தோடு இந்தக் கேள்விகளையும் கொண்டுபோங்கள். என்னென்ன மாத்திரை கொடுக்கிறீர்கள்? இதில் மனநோய்க்கான மருந்து எது? யார் எழுதியது, எதற்காக, எந்தத் தேதியிலிருந்து? கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்தீர்கள்? வலி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பதில் சொல்லத் தயங்கினால் டாக்டரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், எத்தனை மணிக்குக் காபி வேண்டும், எந்தக் காதில் கேட்கும், எந்த முழங்கால் வலிக்கும், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டு வாருங்கள். முடிந்தால் மாலை ஐந்து மணிக்குப் போங்கள்.